தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை: பைபோலார் நோயின் அறிகுறிகளை வீட்டிலேயே கவனிப்பது பற்றி

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பிக்கு 24 வயது. சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கி மூன்று மாதங்கள் அறையை விட்டு வெளியே வராமல் படுத்தே கிடந்தான். பிறகு தெளிந்து, வழக்கம்போல் வேலைக்குப் போனான். இப்போது மூன்று வாரங்களாக இரவில் இரண்டு மணி நேரம்கூட உறங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, யாரையும் கேட்காமல் கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்கிறான். ‘இது பைபோலார் என்கிற நோயா, வயசின் வேகமா, அல்லது சொந்தக்காரர்கள் சொல்வதுபோல யாராவது வைத்த செய்வினையா, எதை வைத்துத் தெரிந்துகொள்வது?’ என்று அவர் கேட்கிறார்.

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளுக்கு இருபுறமும் உள்ள ஊர்களில் மனநலச் சமூகப் பணியாளராகப் பதினாறு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்வருகிற அனுபவத்தில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நோய் இன்னதென்று உறுதி செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். ஆனால் அந்த மருத்துவர் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நீங்களோ இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நோயைப் பொறுத்தவரை, வீட்டில் இருப்பவர் கவனித்துச் சொல்வதைத்தான் மருத்துவர் பெரிதும் நம்பியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எதுவும் பைபோலாரைக் காட்டிக்கொடுக்காது. நடந்தவற்றை வரிசையாகக் கேட்டறிவது ஒன்றே வழி.

தமிழில் இதை இருமுனைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். ஒரு முனை, மேனியா எனப்படும் மிகை எழுச்சி, மறுமுனை, மனச்சோர்வு. இரண்டுக்கும் இடையில் பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள்கூட, அந்த நபர் எந்தக் குறையும் தெரியாமல் வேலை பார்ப்பார், குடும்பம் நடத்துவார். வீட்டாரைக் குழப்புவது இந்த இடைவெளிதான். படுத்துக் கிடந்த மூன்று மாதத்தை ஒரு கதையாகவும், ஓடித் திரிகிற மூன்று வாரத்தை வேறொரு கதையாகவும் நினைத்துக்கொள்கிறோம்; இரண்டும் ஒரே நோயின் இரு பக்கங்கள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 1850களில் பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இதற்குச் ‘சுற்றிவரும் பித்து’ என்ற பொருளில் பெயரிட்டார். ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, இன்றைய நிலையை மட்டும் சொல்லாமல், சென்ற ஆண்டு ஆடியிலிருந்து இன்றுவரை நடந்ததை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதாகும்.

கால அளவும் முக்கியம். மிகை எழுச்சி குறைந்தது ஒரு வாரமாவது, நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய தினமும் நீடித்தால், அல்லது ஒரு வாரம் ஆவதற்குள்ளாகவே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றினால், அதை மேனியா என்கிறார்கள். அதே மாற்றங்கள் மிதமான அளவில், குறைந்தது நான்கு நாட்களுக்கு நீடித்து, ஆனால் வேலையையும் குடும்பத்தையும் குலைக்காமல் இருந்தால் அது ஹைப்போமேனியா. மனச்சோர்வு என்று சொல்வதற்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் வேண்டும். காலையில் சிரித்து மதியம் அழுது மாலையில் கோபப்படுகிறவரைப் பார்த்து ‘இவருக்கு பைபோலார்’ என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் தவறு. அப்படி மணிக்கு மணி மாறுவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றுக்கும் உதவி தேவைப்படலாம். ஆனால் இந்த நோயின் அலை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும்தான் எழுந்து அடங்கும்.

என்னிடம் யாராவது ஒரே ஓர் அறிகுறியைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தூக்கத்தைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கவலையாலும் மனச்சோர்வாலும் தூக்கம் கெட்டவர், தூங்க வேண்டும் என்று ஏங்குவார். புரண்டு புரண்டு படுப்பார். விடிந்ததும் கண் எரிகிறது, உடம்பு வலிக்கிறது என்பார். மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கம் தேவையே படுவதில்லை. இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, எட்டு மணி நேரம் உறங்கியவரைப்போலத் தெளிவாக, சுறுசுறுப்பாக, அடுத்த வேலையைத் தொடங்குவார். மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து இப்படி நடந்து, அவர் முகத்தில் களைப்பே தெரியவில்லை என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு தென்னந்தோப்பு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டு மகன் விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டு, கையில் டார்ச் விளக்குடன் மரம் மரமாக வட்டப்பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு டிராக்டரைக் கழுவினான். ஆறு மணிக்குப் பக்கத்துத் தோப்புக்காரரை எழுப்பி, இளநீரை நேராகத் துபாய்க்கு அனுப்பும் திட்டத்தை விளக்கினான். அவனுடைய அப்பா என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்: “அவனுக்கென்னுங்க, ரெண்டு ஆள் வேலையை ஒருத்தனே பாக்கறான். இப்பத்தான் பொறுப்பு வந்திருக்குது.” சென்ற ஆண்டு முழுதும் சோம்பேறி என்று திட்டு வாங்கிய பிள்ளை அவன். அந்தத் தந்தையின் மகிழ்ச்சியை என்னால் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, பொள்ளாச்சிச் சந்தையில் கடனுக்கு மாடுகள் வாங்கிக் கட்ட இடமில்லாமல் நிறுத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கு முந்திய நாட்களில் வீட்டில் எல்லோரும் பார்த்த அத்தனையும் அறிகுறிகள்தான்; ஆனால் அவை நல்ல குணத்தின் வேடத்தில் வந்தன. இந்த நோயை இனங்காண்பதில் உள்ள உண்மையான சிரமம் இதுதான். படுத்துக் கிடப்பதை எல்லோரும் நோய் என்கிறார்கள். எழுந்து ஓடுவதை யாரும் நோய் என்பதில்லை.

தூக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை சில. பேச்சு வேகமெடுக்கும், இடையில் புக முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மனத்துக்குள் எண்ணங்கள் ஓட்டப்பந்தயம் போல் ஓடுவதாக அவரே சொல்வார். தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வரும். சின்னச் சத்தமும் கவனத்தை இழுக்கும். தொடங்கிய வேலைகள் பத்து இருக்கும், முடிந்தது ஒன்றுகூட இருக்காது. விளைவை எண்ணாத செயல்கள் வரும்: கண்மூடித்தனமான செலவு, வண்டியில் அசுர வேகம், அவருடைய இயல்புக்குப் பொருந்தாத உறவுகள். இவற்றுள் குறைந்தது மூன்று சேர்ந்து இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். மகிழ்ச்சி இல்லாமல் எரிச்சல் மட்டுமே மேலோங்கியிருந்தால் குறைந்தது நான்கு இருக்கின்றனவா என்று பார்ப்பார். எரிச்சலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மேனியா என்றாலே சிரிப்பும் பாட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேராவது சிரிக்கவில்லை. ‘ஏன் இத்தனை நேரம் டிவி பார்க்கிறாய்’ என்று கேட்ட தாயின் மேல் சொம்பை வீசினார்கள்.

செலவைப் பற்றியும் நம் பக்கத்துக்கே உரிய ஒரு செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, சீட்டு வாங்குகிறவர்கள் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்கு வருவது வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு சீட்டு வாங்குகிறவர் இங்கே ஏராளம். அதில் நோய் ஒன்றுமில்லை. ஆனால் எப்போதும் ஒன்றே வாங்குகிற மனிதர், ஒருநாள் கடைக்காரரிடம் இருந்த கட்டு முழுவதையும் வாங்கி, பரிசு விழுவது உறுதி என்று அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிலத்துக்கு முன்பணமும் கொடுத்தால், அவருடைய மனைவி கவனிக்க வேண்டும். நான் சொல்லவருவது இதுதான்: பிறரோடு ஒப்பிடாதீர்கள். அவருடைய பழைய சுபாவத்தோடு அவரையே ஒப்பிடுங்கள். பிறவியிலேயே வாயாடியாக இருக்கிறவர் வாயாடுவது அறிகுறி ஆகாது. மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர் திடீரென்று மேடை போட்டதுபோல் பேசினால் அது மாற்றம்.

செய்வினை என்ற பேச்சுக்கு வருகிறேன். மேனியா முற்றும்போது, தான் தெய்வத்தின் அவதாரம், முதலமைச்சரே தன்னைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்பன போன்ற நம்பிக்கைகள் எழலாம்; காதில் குரல்கள் கேட்கலாம். இதைப் பார்த்த உறவினர்கள், ‘சாமி வந்திருக்கிறது’ என்றோ ‘காத்து கருப்பு’ என்றோ சொல்வது இயல்பு. நானும் மாரியம்மன் நோன்பு சாட்டுகிற ஊரில் வளர்ந்தவன். சாமியாடுவதை நோய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. அருள் வந்து ஆடுகிறவர், உடுக்கை நின்று கற்பூரம் அணைந்ததும், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் தேங்காய் உரிக்கப் போகிறார். நோயில் இருப்பவருக்குப் பூசை முடிந்தாலும் அது முடிவதில்லை. இரவும் பகலும் தொடர்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போய் வேண்டிக்கொள்வதை நான் யாரிடமும் தடுத்ததில்லை. அதற்காக மருத்துவரைப் பார்ப்பதை ஒத்திப்போடாதீர்கள், எக்காரணத்தைக் கொண்டும் கட்டிப்போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றிக் கருகி இறந்தார்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இனி மறுமுனை. உங்கள் தம்பி சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் படுத்துக் கிடந்ததை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதுவே இதில் மிகக் கனமான செய்தி. இந்நோயுள்ளவர்களின் வாழ்வில் எழுச்சியில் கழியும் நாட்களைக் காட்டிலும் சோர்வில் கழியும் நாட்கள் மிக அதிகம். நம் ஊரில் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘ஒரே சடவா இருக்குதுங்க’, ‘எந்திரிக்கவே முடியலீங்க’, ‘எதுலயும் பிடிப்பு இல்லீங்க’ என்பார்கள். தலைவலிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பசி குறையலாம், கூடவும் செய்யலாம். தூக்கம் கெடலாம், பகலெல்லாம் தூக்கமாகவும் இருக்கலாம். குளிப்பதும் பல் துலக்குவதும்கூட மலையாகத் தெரியும். இந்தச் சோர்வைப் பார்த்த மாத்திரத்தில் அது சாதாரண மனச்சோர்வா, பைபோலாரின் சோர்வா என்று யாராலும் பிரிக்க முடியாது. 25 வயதுக்கு முன்பே வந்திருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்து வந்து போயிருந்தால், பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ யாருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால், சந்தேகம் வலுக்கும்.

பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், மருந்து மாறுகிறது. சாதாரண மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை மட்டும் தனியாக ஒரு பைபோலார் நோயாளிக்குக் கொடுத்தால், அது சிலரை நேராக மேனியாவுக்குத் தள்ளிவிடலாம். ஆகவே உங்கள் தம்பிக்குச் சென்ற ஆண்டு யாராவது மாத்திரை கொடுத்தார்களா, அதைத் தின்ற பிறகு தூக்கம் குறைந்ததா, இப்போதும் தின்கிறானா என்பதை அவசியம் கண்டுபிடியுங்கள். பழைய மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். சோர்வோடு வருகிறவர்கள், முன்பு எப்போதோ மூன்று வாரம் உற்சாகமாகப் பறந்து திரிந்ததை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. அதை நோயென்று அவர்களே நினைப்பதில்லை. வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் வரும். கேட்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இன்னும் முன்னதாகவே வரும்.

இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் கலந்து வருவதும் உண்டு. மனம் முழுக்க அவநம்பிக்கை, உடம்பு முழுக்க அடங்காத பரபரப்பு. இந்தக் கலப்பு நிலையை நான் மிகவும் அஞ்சுகிறேன். சோர்வில் கிடப்பவருக்குச் செயல்படத் தெம்பு இருக்காது. கலப்பு நிலையில் இருப்பவருக்கு அந்தத் தெம்பும் இருக்கிறது. பைபோலார் உள்ளவர்களிடையே தற்கொலை, பொதுமக்களிடையே இருப்பதைப்போல 20 முதல் 30 மடங்கு என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல பேர், யாராவது கேட்டார்களே என்று அழுதிருக்கிறார்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். தோப்புக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்களுக்கு வேறொரு நேரத்தையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள், குழந்தை தூங்கும்போதும் தான் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளைச் சொன்னால், அதைப் ‘பிள்ளை பெத்த உடம்பு, சரியாயிரும்’ என்று விட்டுவிடக் கூடாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டில் மட்டுமே வரும் நிலைதான் இது. ஆனால் வந்தால் அவசர நிலை. பைபோலாரின் முதல் வெளிப்பாடாகவே இது அமைவதுண்டு. ஏற்கெனவே இந்நோய் உள்ள பெண் கருவுற்றால், மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் முதலிலேயே மருத்துவரைக் கலந்து திட்டமிட வேண்டும். குறிப்பாக இந்நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

பைபோலார்போலத் தோன்றி வேறாக இருப்பவையும் உண்டு. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ஆஸ்துமா போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு தின்றாலும், கஞ்சா முதலிய போதைப்பொருளாலும், தலையில் அடிபட்ட பிறகும், தூக்கம் குறைந்து பரபரப்பு வரலாம். அதனால்தான் மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதுகிறார். அதை வீண் செலவு என்று தள்ளாதீர்கள். குடி இன்னும் சிக்கலானது. கள் இறக்கும் ஊர்கள் இவை. பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. எழுச்சியில் இருப்பவர் மேலும் குடிப்பார், சோர்வில் இருப்பவர் மறக்கக் குடிப்பார். வீட்டார் எல்லாவற்றையும் குடியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். குடி முதலில் வந்ததா, தூக்கம் முதலில் போனதா என்று யோசித்துப் பாருங்கள். தூக்கம் போய், பேச்சு கூடி, அதன் பிறகு குடி அதிகமாகியிருந்தால், அந்த வரிசையை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சொல்வதிலும் எல்லைப்புறத்தில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உடுமலைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு தாய், சோர்ந்து கிடந்த மகனைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் மலையாளத்தில், “விஷமம் உண்டோ?” என்று கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், மனவேதனை. அந்தத் தாய்க்குத் தெரிந்த விஷமம் பிள்ளைகள் செய்யும் குறும்பு. “விஷமமெல்லாம் இல்லீங்க, அவன் தங்கமான பையன்” என்றார். வருத்தம் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து எல்லாக் குடும்பங்களிடமும் ஒன்று சொல்கிறேன். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்றிரவு உறங்கிய மணிநேரத்தை எண்ணால் எழுதுங்கள். ஓர் அக்கா எழுதிக்கொண்டுவந்த தாளில் 7, 7, 6, 4, 3, 2, 2 என்று இருந்தது. மூன்று வந்த கட்டத்தின் கீழே ‘புது போன்’ என்றும், இரண்டின் கீழே ‘மாமாவிடம் சண்டை’ என்றும் சின்ன எழுத்தில் குறித்திருந்தார். தமிழ் படிக்கத் தெரியாத மருத்துவர், அந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே சரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்.

எங்கே போவது? இரு மாநிலங்களிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர்கள் வெளியூர்களுக்கு வந்து பார்க்கிறார்கள்; எந்த நாள், எந்த மருத்துவமனை என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஷா பணியாளரிடமோ செவிலியரிடமோ கேட்டால் தெரியும். முற்றிய நிலையில் உள்ளவரைச் சேர்க்க, கேரளப் பக்கம் திருச்சூர் அரசு மனநல மையமும் தமிழ்நாட்டுப் பக்கம் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. இரவு எந்நேரமானாலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவைக்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் தமிழ்நாடு, கேரளம் உட்பட 12 மாநிலங்களில் நடந்தபோது, பைபோலார் உள்ளவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 7 பேர் சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை என்று தெரியவந்தது. மருந்து இல்லாமையைவிட, இது நோய் என்று தெரியாமையும் அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சுவதும்தான் இவர்களைத் தடுப்பதாக என் அனுபவம் சொல்கிறது. ‘கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிரும்’ என்பவர்களிடம் கைகூப்பிச் சொல்லுங்கள்: முதலில் தம்பி தூங்கட்டும்.

தம்பி வர மறுப்பான். எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம் என்பான். தனக்கு நோயில்லை என்று உறுதியாக நம்புவது இந்நோயின் ஒரு கூறு. வாதாடி வெல்ல முயலாதீர்கள். அவனுக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றை, தூக்கத்தையோ எரிச்சலையோ, பிடித்துக்கொண்டு, அதற்கு மருந்து கேட்கலாம் வா என்று கூப்பிடுங்கள். அவன் மதிக்கும் ஒருவரை, ஆசிரியரையோ சித்தப்பாவையோ, உடன் வரச் செய்யுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் நீங்கள் மட்டுமாவது முதலில் மருத்துவரைப் பார்த்து விவரம் சொல்லுங்கள். வண்டிச் சாவி, ஏடிஎம் அட்டை, பத்திரங்கள் ஆகியவற்றைச் சண்டையில்லாமல் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். காபியில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கைக்கொள்ளாதீர்கள். ஒருநாள் தெரியவரும், அதன் பிறகு அவன் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிமுகப்படுத்திய லித்தியம் இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது; வேறு மருந்துகளும் உண்டு. லித்தியம் தின்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தோப்பு வேலை செய்து வியர்வையில் நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை வாங்கிப் போட்டாலும் அந்த அளவு ஏறிவிடும். தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், வாந்தி வந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, தெளிந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை. இந்நோய் திரும்பி வரக்கூடியது. வரும்போது ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் அவரவருக்கே உரிய அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. ஒருவர் தினமும் வெள்ளைச் சட்டை போடத் தொடங்குவார். இன்னொருவர் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைப்பார். தம்பி நிதானமாக இருக்கும் ஒரு நாளில் அவனோடு உட்கார்ந்து, அவனுடைய முதல் மூன்று அறிகுறிகள் என்ன என்று அவனையே கேட்டு எழுதி வாங்குங்கள். நோய் முற்றும்போது தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தன் குறிப்பை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அதில் இப்படி எழுதியிருக்கிறது: ‘விடியற்காலை நாலு மணிக்கு நான் பழைய தோழிகளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தால், நான் எவ்வளவு சந்தோஷமாகத் தெரிந்தாலும் சரி, அன்றைக்கே என்னை டாக்டரிடம் கூட்டிப் போகவும். நான் வரமாட்டேன் என்றால் இந்தத் தாளை என்னிடம் காட்டவும். கையெழுத்து என்னுடையதுதான்.’ இதுவரை இரண்டு முறை அவருடைய கணவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இரண்டு முறையும் அந்த ஆசிரியை கோபத்தோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.